ஒரு ராத்தல் தானியம்

சமூக ஆய்வில் வரலாற்று முறையும் சொல்லாடல் பகுப்பாய்வும் குறித்து ஆய்வு மாணவர்களிடையே ஆற்றிய உரை



மேசைமேல் ஒரு துணிப்பை வைத்திருக்கிறேன். உள்ளே 450 கிராம் அரிசி. இன்று காலை வீட்டுச் சமையலறையில் நிறுத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். பழைய கணக்கில் இது ஏறக்குறைய ஒரு ராத்தல். பருப்பும் குழம்பும் பொரியலும் இருந்தால் இதை வடித்து மூன்று பேர் மதியம் சாப்பிட்டுவிடலாம். வேறு ஒன்றும் இல்லை, காலையில் கஞ்சி இல்லை, இரவுக்குச் சோறு இல்லை, இதை உண்டுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும், சாலைக்கு ஜல்லி உடைக்க வேண்டும் என்றால்?

1877 ஜனவரியில் இந்திய அரசு சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பியது. முந்தைய ஆண்டு தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. பஞ்ச நிவாரணப் பணிகளில் லட்சக்கணக்கானோர் கூலிக்கு நின்றார்கள். செலவு கட்டுக்கடங்காமல் போகிறது என்பது மேலிடத்தின் கவலை. அதுவரை ஓர் ஆணுக்கு நாள் கூலி ஒன்றரை ராத்தல் தானியத்தின் விலையை வைத்துக் கணக்கிடப்பட்டது. டெம்பிள் அதை ஒரு ராத்தலாகக் குறைத்தார். மேலே கொஞ்சம் சில்லறை. உப்பு, புளி, மிளகாய் எல்லாம் அந்தச் சில்லறைக்குள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. வரலாற்றில் இதற்கு ‘டெம்பிள் கூலி’ என்றே பெயர் நின்றுவிட்டது.

வரலாற்று முறை, சொல்லாடல் பகுப்பாய்வு என்ற இரண்டையும் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் இலக்கணம் சொல்லி முடிப்பதைவிட, இந்த ஒரு ராத்தலை இரண்டு முறைகளாலும் படித்துக் காட்டுவது உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் வரலாற்றுக்காரர் கேட்கும் கேள்வி. இந்த ஆணையை எழுதியவர் யார், இதற்கு முன் என்ன செய்தவர்?

1873-74இல் பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது நிவாரணத்தை நடத்தியவர் இதே டெம்பிள்தான். அப்போது பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி வரவழைத்தார். தாராளமாகக் கொடுத்தார். சாவு மிகக் குறைவாகவே இருந்தது. அதற்காக அவரைப் பாராட்டியவர்களைவிட, பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று ஏசியவர்களே அதிகம். மூன்று ஆண்டு கழித்துச் சென்னைக்கு வந்தவர் அந்த ஏச்சையும் சுமந்துகொண்டு வந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பம்பாய் மாகாண ஆளுநரும் ஆனார். இந்த முன்கதை தெரியாமல் 1877-ஆம் ஆண்டுக் குறிப்பை மட்டும் கையில் எடுத்தால் நமக்குக் கிடைப்பது ஒரு கல்நெஞ்சக்காரர். முன்கதையோடு படித்தால், நிறையக் கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்று தன் கண்ணாலேயே பார்த்த மனிதர் ஒருவர் குறைத்துக் கொடுக்கக் கையெழுத்துப் போடுவது தெரிகிறது. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வலிக்கிறது. தனிமனிதரின் குணத்தை விட்டு, அவரை அப்படி எழுதவைத்த ஏற்பாடு எது என்று தேட வைப்பதும் இந்த இரண்டாவது வாசிப்புத்தான்.

சொல்லாடல் பகுப்பாய்வு அந்த இடத்தில் நுழைகிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவின் பெயரைக் கேட்டதும் நோட்டுப் புத்தகத்தை மூடிவிடும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். பயப்பட வேண்டாம். ஒரு காலத்தில், ஓர் இடத்தில், எதைச் சொன்னால் அறிவு, எதைச் சொன்னால் பிதற்றல் என்று வகுத்துவைக்கும் விதிகள் உண்டு. ஒரு பேச்சு அந்த விதிகளுக்குள் அடங்கி நடக்கும்போது அதைச் சொல்லாடல் என்கிறோம். இன்றைய வேலைக்கு இவ்வளவு போதும்.

அந்த நாளைய நிவாரணக் கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘சோதனை’. வேலை ஒரு சோதனை, தூரம் ஒரு சோதனை, குறைந்த கூலி ஒரு சோதனை. யாரைச் சோதிப்பது? உண்மையிலேயே பசித்தவரையும் பசித்ததாக நடிப்பவரையும் பிரிப்பதற்காம். வீட்டை விட்டுப் பல மைல் நடந்து வந்து, வெயிலில் கல் உடைத்து, அரை வயிற்றுக் கூலிக்கு ஒருவர் சம்மதித்தால் அவர் பசித்தவர். சம்மதிக்காவிட்டால் அவருக்குத் தேவை இல்லை.

இந்தச் சொல் சென்னையில் பிறந்தது அல்ல. 1834இல் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டம் திருத்தப்பட்டபோது ஊன்றிய கருத்து அது. தர்ம உதவி பெறுகிறவரின் நிலை, வெளியில் உழைத்து வாழும் ஆகக் கடைசி ஏழையின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும். அப்போதுதான் சோம்பேறிகள் வரமாட்டார்கள். இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளியைச் சந்தேகித்துச் செய்த சொல் கப்பலேறிச் சேலத்துக்கும் பெல்லாரிக்கும் வந்து, மழையே பெய்யாத ஊரின் குடியானவர்மேல் விழுந்தது. ஒரு சொல் எங்கிருந்து கிளம்பியது, எந்த வழியாக வந்தது, வந்த இடத்தில் என்ன செய்தது என்று தடம் பிடிப்பதற்கு வரலாறும் வேண்டும், சொல்லாடல் பகுப்பாய்வும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் தடத்தைப் பிடிக்க முடியாது.

அந்தக் கோப்புகளுக்குள்ளேயே எதிர்க்குரலும் இருந்தது. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். டெம்பிளின் அளவை அவர் வெளிப்படையாக மறுத்தார். சென்னை மாகாண மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று 1860களிலேயே ஆராய்ந்து எழுதியவர் அவர். 1871-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் சென்னை மாகாண அறிக்கையை எழுதியவரும் அவரே. மனிதர்களை எண்ணவும் தெரியும், அவர்கள் வயிற்றை அளக்கவும் தெரியும். உடல் உழைப்புக்கு ஒன்றரை ராத்தலுக்குக் குறைந்தால் தசை கரையும் என்று வாதாடினார். சில மாதங்களில் சென்னை அரசு டெம்பிள் அளவைக் கைவிட்டுக் கூலியை உயர்த்தியது.

கார்னிஷை நான் மதிக்கிறேன். ஆனாலும் மதிப்பு நம் கண்ணை மறைக்கக் கூடாது. அவர் எந்த மொழியில் வாதாடினார் என்று கவனியுங்கள். கருணை என்ற சொல்லை வைத்து அவர் வெல்லவில்லை. வேதியியல், உடலியல், சிறைச்சாலை உணவு அளவு, எடை, அவுன்ஸ். அந்த மேசையில் எடுபடக்கூடிய நாணயம் அது ஒன்றுதான். கல் உடைத்துக்கொண்டிருந்தவர் வந்து ‘பசிக்கிறது சாமி’ என்றால் அது சான்று ஆகவில்லை. மருத்துவர் எடைபோட்டு எழுதினால் சான்று ஆயிற்று. பேசும் தகுதி யாருக்கு இருந்தது என்று சொல்லாடல் பகுப்பாய்வு கேட்பது இதைத்தான். நல்லவரின் பேச்சிலும் அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

ஒரு பதிவேட்டைப் பார்ப்போம். ஊர்ச் சாவுகளைக் கிராம அதிகாரிகள் எழுதி மேலே அனுப்பினார்கள். காரணத்துக்குக் கட்டங்கள் உண்டு: காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், பிற. அந்த வரிசையில் பட்டினிக்குக் கட்டம் கிடையாது. பட்டினியில் செத்தவரை ஊர்க் கணக்கரான கர்ணம் எங்கே எழுதுவார்? பல நாள் உண்ணாமல் கிடந்தவருக்குக் கடைசியில் வயிறு கழியும், அல்லது காய்ச்சல் வரும். எழுதியது பொய் அல்ல. ஆனால் பொய் சொல்லாமலே உண்மையை வெளியேற்றிவிடும் வல்லமை ஒரு கட்டத்துக்கு, ஒரு கோட்டுக்கு உண்டு. நீங்கள் புள்ளிவிவரத்தோடு வேலை செய்கிறவராக இருந்தால், எண்ணுக்கு முன்னால் தலைப்பைப் படியுங்கள். எந்தத் தலைப்பு இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இன்னொரு சிறிய கருவி நம் பள்ளிக்கூட இலக்கணத்திலேயே இருக்கிறது. செய்வினை, செயப்பாட்டு வினை. ‘கூலி குறைக்கப்பட்டது.’ ‘முகாம் மூடப்பட்டது.’ ‘பலர் திருப்பி அனுப்பப்பட்டனர்.’ வினையைச் செய்தவரைத் தேடுங்கள். குறைத்தவர் யார், மூடியவர் யார்? ‘படு’ என்ற துணைவினை வந்து நின்றதும் ஆள் நழுவிவிடுகிறார். அரசு எழுத்து எந்த மொழியில் இருந்தாலும் இந்தப் பழக்கம் உண்டு. நம் அரசாணைத் தமிழும் விலக்கல்ல. ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு, யார் செயலுக்குச் செய்வினை கிடைக்கிறது, யார் செயலுக்குச் செயப்பாட்டு வினை கிடைக்கிறது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். தானியக் கடையை உடைத்தவர்கள் எப்போதும் செய்வினையில் இருப்பார்கள். ‘கும்பல் தாக்கியது, கொள்ளையடித்தது.’ அந்தக் கும்பலைப் பசியோடு வைத்திருந்த முடிவுகள் எல்லாம் செயப்பாட்டு வினையில் இருக்கும்.

குடியானவர் கிளர்ச்சிகளைப் பற்றி 1983இல் வரலாற்றாசிரியர் ரணஜித் குகா எழுதிய ஒரு கட்டுரை இந்த வகை வாசிப்புக்கு நமக்கெல்லாம் வழி திறந்தது. கிளர்ச்சி நடக்கும்போதே அதிகாரி அவசரமாக எழுதும் கடிதம் ஓர் அடுக்கு. அதே அதிகாரியோ அவரைச் சேர்ந்தவரோ பிற்காலத்தில் ஓய்வாக எழுதும் நினைவுக் குறிப்பும் வரலாறும் இரண்டாம் அடுக்கு. நூறாண்டு கழித்து வரும் வரலாற்றாசிரியர் எழுதுவது மூன்றாவது. மூன்றாவது அடுக்கில் இருப்பவர் எவ்வளவு நியாயவானாக இருந்தாலும், முதல் அடுக்கின் சொற்கள் அவர் பேனாவுக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்று குகா காட்டினார். பஞ்ச ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் கொள்ளை வழக்குகள் கூடின என்று நாமும் எழுதிவிடுகிறோம். எண்ணிக்கை சரிதான். ஆனால் ‘கொள்ளை’ என்பது போலீசின் சொல். வண்டியை மறித்து மூட்டையை இறக்கிய ஊர்க்காரர்கள் அதை என்னவென்று சொன்னார்கள்? டேவிட் ஆர்னால்ட் 1984இல் இதே சென்னைப் பஞ்சத்தை எடுத்துக்கொண்டு, குடியானவர்களின் மனத்தில் பஞ்சம் எப்படிப் பதிந்தது, எதை நியாயம் என்று கருதி அவர்கள் நடந்தார்கள் என்று தேடினார். படிக்காதவர்கள் அவசியம் படியுங்கள்.

அப்படியானால் ஊர்க்காரர்களின் சொல் எங்கே கிடைக்கும்? முதலில் பெயரிலேயே கிடைக்கும். கோப்பில் இது 1876-78 பஞ்சம். நம் பாட்டிமார் வாயில் ‘தாது வருஷத்துப் பஞ்சம்’, சில ஊர்களில் ‘தாது வருஷக் கருப்பு’. தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்து 1877 சித்திரையில் முடிந்துவிட்டது. சாவோ அதோடு நிற்கவில்லை. அடுத்து வந்த ஈசுவர வருஷத்திலும் கொத்துக் கொத்தாக விழுந்தது. இருந்தும் மக்கள் நினைவு ஈசுவர வருஷத்தின் பெயரைப் பிடிக்கவில்லை. சாவு பெருகிய ஆண்டை விட்டுவிட்டு, மழை கைவிட்ட ஆண்டைப் பிடித்துக்கொண்டது. அரசுக்குப் பஞ்சம் என்பது நிவாரணச் செலவு தொடங்கிய நாளிலிருந்து முடிந்த நாள் வரை. ஊருக்குப் பஞ்சம் என்பது வானம் பொய்த்த வருஷம். காலத்தை எங்கே வெட்டுகிறோம் என்பதே ஒரு சொல்லாடல்.

அரசு ‘நிவாரண முகாம்’ என்றது. சனங்கள் ‘கஞ்சித் தொட்டி’ என்றார்கள். சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொன்ன தலைமுறை ஒன்று இருந்தது. அது தாது வருஷத்துக்கும் ஏறக்குறைய நூறாண்டு முந்திய பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றியதன் நினைவு. கட்டடத்தில் பெயர்ப்பலகை மாறியது, பேச்சில் மாறவில்லை. ஆவணக் காப்பகத்துக்குப் போகும் வழியில் பேருந்து நடத்துனர் கூவும் நிறுத்தத்தின் பெயரும் ஆவணம் ஆகலாம்.

பிறகு பாட்டு. பஞ்சத்தைப் பற்றிய கும்மிகள் உண்டு. வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ தாது வருஷப் பஞ்சத்தில் சிவகங்கைச் சீமை பட்ட பாட்டைச் சொல்வது. இவற்றைக் கண்டதும் ‘இதோ மக்களின் உண்மைக் குரல்’ என்று தாவிவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். கும்மிக்கும் விதி உண்டு. பஞ்சத்தைப் பாட வருகிறவர் இன்ன இன்ன காட்சிகளைச் சொல்ல வேண்டும் என்ற மரபு உண்டு. தாலியை விற்ற கதை, பிள்ளையை விட்டுப் போன கதை, தர்மம் அழிந்ததால் மழை போனது என்ற விளக்கம். கொடும்பாவி கட்டி இழுத்தால் மழை வரும் என்று நம்பிய ஊரில் பஞ்சத்துக்குக் காரணம் பாவம். பாவம் யாருடையது என்று கேட்டால், பல பாட்டுகளில் விரல் நீள்வது பெண்கள்மேலும் கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள்மேலும்தான். அரசுக் கோப்பைச் சந்தேகத்தோடு படிக்கும் அதே கண்ணோடுதான் நம் பாட்டையும் படிக்க வேண்டும். நம்முடையது என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

படங்களும் அப்படியே. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி அந்தப் பஞ்சத்தில் எடுத்த புகைப்படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எலும்பும் தோலுமாக உட்கார்த்திவைக்கப்பட்ட குடும்பங்கள். படம் எடுத்தவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. படத்தில் இருப்பவர்களில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. வகுப்பில் அந்தப் படங்களைத் திரையில் போடுவதை நான் நிறுத்தி வெகுநாளாகிறது. அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

இனி இந்த முறையின் ஆபத்துக்கு வருகிறேன். அண்மை ஆண்டுகளில் என் மேசைக்கு வரும் ஆய்வேடுகளில் ஒரு நோய் பரவியிருக்கிறது. பத்துக் கோப்பிலிருந்து பத்து வாக்கியத்தை உருவி, ‘இது காலனிய அதிகாரச் சொல்லாடல்’ என்று முத்திரை குத்திவிட்டால் ஆய்வு முடிந்தது. வாக்கியம் எந்தத் தேதியில் எழுதப்பட்டது? அன்றைக்குச் சோளம் என்ன விலை? அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்ததா? எதிர்வாதம் அதே கோப்பில் இருந்ததா? இவை எதுவும் இருக்காது. தேதியும் விலையும் எடையும் இல்லாத சொல்லாடல் பகுப்பாய்வு வெறும் சொல் விளையாட்டு. நான் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: சொல்லைப் பிடிக்கும் முன் தேதியைப் பிடியுங்கள். டெம்பிளின் ‘சோதனை’ என்ற சொல்லைப் பற்றி நூறு பக்கம் எழுதலாம். அது ஒன்றரை ராத்தலுக்கும் ஒரு ராத்தலுக்கும் இடைப்பட்ட அந்த அரை ராத்தலாக மாறியது என்று காட்டாவிட்டால், செத்தவர்களுக்கு நாம் ஒன்றும் செய்துவிடவில்லை.

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு ஸ்ட்ரேச்சி தலைமையில் ஓர் ஆணையம் அமைந்து 1880இல் அறிக்கை தந்தது. அதிலிருந்து பஞ்ச விதித்தொகுப்புகள் பிறந்தன. எந்த அறிகுறிகள் தெரிந்தால் தட்டுப்பாடு, எப்போது பஞ்சம், பஞ்சம் என்று அறிவித்தால் அரசு என்னென்ன செய்தாக வேண்டும் என்று வரையறுத்தார்கள். பல உயிர்களைக் காத்த ஏற்பாடு அது. ஆனால் அன்றிலிருந்து ‘பஞ்சம்’ என்பது அறிவிக்கப்பட வேண்டிய சொல் ஆகிவிட்டது. சொல்லைச் சொன்னால் கடமை வரும். 1943இல் வங்காளத்தில் கல்கத்தாத் தெருக்களில் பிணங்கள் கிடந்தபோது, மாகாண அரசு அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. சொன்னால் விதித்தொகுப்பின்படி ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். கொடுக்கக் கையில் தானியம் இல்லை என்று ஆளுநரே எழுதினார். இதை அமர்த்திய சென் 1981-ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டுகிறார். செத்தவர்கள் ஏறக்குறைய 30 லட்சம் என்பது அவர் மதிப்பீடு. கோப்பில் இருக்கும் சொற்களைப் பகுத்தாய்வது ஒரு வேலை. கோப்பில் வராமல் தடுக்கப்பட்ட ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பது அதைவிடப் பெரிய வேலை.

இது பழங்கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தில், உழவர்களின் சாவுக்குக் காரணம் வறட்சியா, சொந்தக் காரணங்களா என்று வாதம் நடந்தது. கர்ணத்தின் பதிவேட்டில் இருந்த கட்டங்களை நினைத்துக்கொண்டு அந்த ஆவணங்களை எடுத்துப் படியுங்கள். உங்களில் யாராவது இதை ஆய்வுத் தலைப்பாக எடுத்தால் என்னால் ஆன உதவியைச் செய்வேன்.

கடைசியாக இரண்டு எண்கள். கார்னிஷ் அறிக்கை எழுதிய 1871 கணக்கில் சேலம் மாவட்ட மக்கள்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் அது சுமார் 16 லட்சம். பத்தாண்டில் கூடியிருக்க வேண்டிய ஊரில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் ஆளைக் காணோம். எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று எழுதிவிட முடியாது. அந்த ஆண்டுகளில் தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கையின் கண்டி, மாத்தளைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் உண்டு. பிறக்காமலே போன பிள்ளைகள் உண்டு. யார் செத்தார், யார் போனார், யார் பிறக்கவே இல்லை என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. சாவுப் பதிவேடு, கப்பல் கணக்கு, தோட்டத்துரைமாரின் கடிதம், மலையகத்தில் இன்றும் பாடப்படும் பாட்டு, எல்லாவற்றையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துத்தான் தேட வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகம் காலையில் திறந்துவிடும். அடையாள அட்டையும் துறைத்தலைவர் கடிதமும் கொண்டு போங்கள்.

பையை அனுப்புகிறேன், ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் பாருங்கள். உங்கள் கேள்விகளுக்குக் காத்திருக்கிறேன்.